பூசை போட்ட கூண்டு

பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் நான் பார்த்த வேலை, கம்பிக் கயிற்றைச் சந்தேகப்படுவது. கிரேனில் மாட்டுகிற ஒவ்வொரு கயிற்றையும் கொக்கியையும் சங்கிலியையும் தடவிப் பார்த்து, 'தாங்கும்' என்றோ 'தாங்காது' என்றோ சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டிவிடுவேன். இந்தச் சுகுமாறன் 'தாங்கும்' என்று எழுதிய கயிறு ஒன்றுகூட அறுந்தது கிடையாது. ஒரே ஒரு கயிறு அறுந்தது. அன்றைக்கு நான் லீவு. அந்தக் கயிற்றுக்கே மனசு சரியில்லாமல் போயிருக்கும்.

ஓய்வு பெற்று லாயாங் லாயாங்குக்கு வந்து மூன்று வருடம். இந்த ஊரில் ரயில் ஒன்றுதான் அவசரத்தில் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. வந்த முதல் மாதத்திலேயே எங்கள் வீட்டுக் குழாய், கேட்டின் கீல், என் மனைவி வாசுகியின் துணிக்கொடி எல்லாவற்றையும் பரிசோதித்து முடித்துவிட்டேன். இரண்டாவது மாதம் பக்கத்து வீட்டுக் கேட்டின் கீலையும் முடித்தேன். அதற்குப் பிறகு ஊரில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை ராசம்மா வந்து மூசாங் என்று ஆரம்பித்ததும், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்து, நான் இருமி மறைக்க வேண்டியதாகிவிட்டது.

மூசாங் என்றால் மரநாய். பூனைக்கும் கீரிக்கும் நடுவில் ஒரு உடம்பு, திருடனுக்குப் போட்ட மாதிரி கண்ணைச் சுற்றிக் கறுப்பு, ராத்திரி வேலை, பகலில் தூக்கம். பழம் கனிகிற நாள் நமக்குத் தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரியும்.

ராசம்மா இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் புருஷன் காளியப்பன் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர், என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ராசம்மா ஒரு வேண்டுதல் வைத்தாள்: இந்த மனுஷன் நடந்து வெளியே வந்தால், தன் கையால் நட்டுத் தண்ணீர் ஊற்றிய ரஸ்தாளி மரத்தைக் குலையோடு வெட்டி, முனீஸ்வரன் கோயில் திருவிழா அன்று வாசலில் கட்டுவேன், அதுவரை வாழைப்பழத்தை வாயில் வைக்க மாட்டேன். மனுஷன் நடந்து வந்துவிட்டார். மரம்தான் போக மாட்டேன் என்கிறது. போன வருடம் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மூசாங் வந்து குலையை மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டது. இந்த வருடம் குலை தள்ளியது இரண்டு மரம். ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் ஒன்று.

"அண்ணே, இதையும் அது தின்னுட்டுப் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சாமி முன்னால நிக்கிறது? அடுத்த ஞாயித்துக்கெழம திருவிழா!"

"கோணி கட்டிப் பாத்தியா?"

"கட்டுனேன். பிச்சிருச்சு."

"மரத்தச் சுத்தித் தகரம்?"

"சுத்துனேன். கொய்யா மரத்துலேர்ந்து குதிச்சிருச்சு. முன்னாடியே வெட்டி வீட்டுக்குள்ள வைங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. அன்னிக்குக் காலையில வெட்டி, எலை வாடாம கொண்டு போய்க் கட்டணும். அப்படித்தான் வேண்டியிருக்கேன்."

"தங்கச்சி, கவலைய என்கிட்ட குடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல ஒரு பக்கம் உன் வாழ மரம் நிக்கும். இன்னொரு பக்கம் அந்த மூசாங் நிக்கும். ஜோடியா!"

இதை நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் கோயில் தலைவர் போன் பண்ணி, மூசாங்கை எந்தப் பக்கம் நிறுத்தப் போகிறேன் என்று விசாரித்தார்.

அன்றைக்கு முழுவதும் நான் செல்போனில் படித்தேன். அமெரிக்காவில் ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஆட்கள், பனியில் நின்றுகொண்டு, நரியையும் இன்னும் பெயர் தெரியாத மயிரடர்ந்த மிருகங்களையும் பிடிக்கக் கம்பிக் கயிற்றில் ஒரு சாதனம் வைத்திருக்கிறார்கள். வளையம், பூட்டு, முறுக்கு ஏறாமல் சுழல்கிற ஓர் இணைப்பு, வளையம் ஓர் அளவுக்கு மேல் இறுகாமல் நிறுத்த ஒரு தடை, மான் மாதிரிப் பெரியது மாட்டினால் தானே விட்டுக் கொடுக்க ஒரு கொக்கி. கழுத்தை நெரிக்காது, பிடித்து மட்டும் வைக்கும். எந்த மாநிலத்தில் எத்தனை அங்குலம், எந்தப் பூட்டு சட்டப்படி செல்லும் என்று அவர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கும் அவர்களுக்கும் தொப்பி ஒன்றுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் ஒன்றைச் செய்துவிட்டேன். பட்டறையிலிருந்து பிரிவு உபசாரத்தில் கொடுத்த கம்பிக் கயிறு இருந்தது. மற்றவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பார்கள், நான் கயிறு கேட்டு வாங்கினேன். அதை வெட்டி, பூட்டுப் போட்டு, தடை வைத்து, எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன். தூக்கியது. உள்ளே துணி ஓடிக்கொண்டிருந்தது என்று வாசுகி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு காண்டாமிருகம் மாட்டினாலும் அதற்கும் வலித்திருக்காது, எனக்கும் கயிறு போயிருக்காது.

அதைக் கையில் தூக்கிக்கொண்டு ராசம்மா வீட்டுக்குப் போகிற வழியில் தேவானந்தன் சார் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். நில அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் எட்டு மணிக்குப் பேப்பரோடு வாசலில் உட்கார்ந்தால், மரண அறிவித்தல் முழுவதையும் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். சட்டம் அவருக்குப் பசிக்குச் சாப்பாடு மாதிரி.

"என்ன காணும், ஆருக்குத் தூக்கு?"

"தூக்கு இல்ல சார். மூசாங்கப் புடிச்சு வைக்கிற கண்ணி. உயிருக்கு ஒன்னும் ஆகாது. அமெரிக்காவுல சட்டப்படி செல்லும்!"

"நீர் இருக்கிறது லாயாங் லாயாங்கில. இஞ்ச கண்ணி எண்டாலே குற்றம். நல்ல கண்ணி, கெட்ட கண்ணி எண்டு பிரிவு இல்லை. வைச்சாலும் குற்றம், கையில வைச்சிருந்தாலும் குற்றம். அபராதம் கட்ட உம்மட வீடு காணாது, என்ர வீட்டையும் சேர்த்து விக்க வேணும்."

"அவங்களுக்கு இதோட அருமை தெரியல சார். திங்கட்கெழம வனவிலங்கு இலாகாவுக்கு நேரா கொண்டு போய், மேசை மேல வெச்சு, ஒவ்வொரு பாகமா வெளக்குறேன். பாத்தா அவங்களே பத்து செஞ்சு தரச் சொல்லுவாங்க."

அவர் பேப்பரை மடித்துவிட்டார். மரண அறிவித்தலுக்கு முன்னால் அவர் பேப்பரை மடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கள்ளச் சாராயத்தைக் கொண்டு போய், சார் கொஞ்சம் ருசி பாருங்கோ எண்டு பொலிஸ் ஸ்டேசன் மேசையில வைப்பீரோ?"

நான் அதற்கும் ஒரு பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ராசம்மா சத்தம் கேட்டு வந்துவிட்டாள். கண்ணியை வாங்கி, வளையத்தை இழுத்துப் பார்த்தாள். சரசரவென்று அழகாக இறங்கி நின்றது.

"அலமாக்! அண்ணே, சாமிக்குப் போற மரம் இது. அதுக்குக் கீழ ஒரு உசுரு கயித்துல கெடந்து துள்ளுச்சுன்னா, காலையில அத நான் எப்படிப் பாக்குறது? சட்டம் செல்லுதோ இல்லையோ, எனக்குச் செல்லாது லா."

சட்டமும் ராசம்மாவும் ஒரே பக்கம் நின்றால் முனீஸ்வரனாலேயே ஒன்றும் செய்ய முடியாது. பூட்டைக் கழற்றினேன், தடையைக் கழற்றினேன், வளையத்தைப் பிரித்தேன். வெறும் கயிறாகிவிட்டதை வாசுகி துணிக்கொடியாகக் கட்டிக்கொண்டாள். அரை டன் தாங்கும் கொடியில் என் பனியன்கள் பெருமையாகக் காய்ந்தன.

திங்கட்கிழமை காலை இலாகாவின் வாசல் திறக்கும்போது நானும் காளியப்பனும் வெளியே நின்றோம். அதிகாரியின் பெயர் அஸ்லிண்டா. முப்பது முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பெரிய பூட்ஸ் போட்டிருந்தாள். நான் கண்ணியைப் பற்றி, "ஒரு சிநேகிதர் கேட்டார்" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"அந்தச் சிநேகிதர் கிட்ட சொல்லுங்க, கண்ணியே கூடாது" என்றாள் மலாயில், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. "மூசாங்குக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, பாக்சிக்." பாக்சிக் என்றால் மாமா. "நாங்க கூண்டு தர்றோம். மாட்டுனா எங்களக் கூப்பிடணும், நீங்களே எங்கேயும் கொண்டு போய் விடக் கூடாது. தெனமும் காலையில கண்டிப்பா போய்ப் பாக்கணும். உள்ள இருந்தா மேல துணியப் போட்டு மூடிடுங்க, இருட்டுல அது அமைதியா இருக்கும். வெரல உள்ள விட்டுக் கொஞ்சக் கூடாது."

பின்கட்டில் மூன்று கூண்டுகள் கிடந்தன. ஒன்றை அவளே எடுத்துத் தரப் போனாள். நான் விடுவேனா? முதல் கூண்டு நீளம் குறைவு. கதவு விழுந்தால் வாலை நசுக்கும். இரண்டாவதில் இரண்டு பக்கமும் கதவு; மிருகத்துக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிவதால் பயமில்லாமல் நுழையும், ஆனால் ஒரு கதவின் கம்பியில் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. மூன்றாவது ஒற்றைக் கதவு, ஒரு கை நீளத்துக்கு மேல், கம்பி வலை நெருக்கம், தூக்கும் கைப்பிடிக்குக் கீழே தகரம் வைத்திருந்தார்கள், கடித்தால் தகரத்தைத்தான் கடிக்க வேண்டும். உள்ளே கடைசியில் ஒரு மிதிதட்டு. அதை மிருகம் மிதித்தால் கதவு விழும். மூன்றையும் குப்புறப் போட்டு, மல்லாத்தி, கதவைத் தட்டி, கீலுக்குக் காது கொடுத்து, மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மகள் கல்யாணத்துக்குத் தங்காக் துணிக்கடைகளில் சேலை எடுக்கப் போன வாசுகிகூட அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. அஸ்லிண்டா நடுவில் போய் டீ குடித்துவிட்டு வந்தாள்.

"மூனாவது" என்றேன்.

"நானும் அதத்தான் எடுத்துக் குடுக்க வந்தேன், பாக்சிக்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மிதிதட்டு. தொட்டாலே கதவு விழுந்தது. ஓர் இலை விழுந்தால்கூட மூடிக்கொள்ளும் போலிருந்தது. என்ன பொறுப்பில்லாத வேலை! தூக்குகிற சாமான் எதுவானாலும் எடையைப் போல ஐந்து மடங்குக்குக் கணக்குப் போட வேண்டும் என்பது எங்கள் பட்டறையில் வேதம். மூசாங் மூன்று கிலோ. மூவைந்து பதினைந்து. ஸ்பிரிங்கை மாற்றி, திருகை இறுக்கி, பதினைந்து கிலோவுக்குச் சரியாக நிறுத்தி, சீட்டில் 'தாங்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டினேன்.

அடுத்தது இரை. கருவாடும் கோழித்தோலும்தான் சிறப்பு என்று படித்திருந்தேன்.

"சாமி மரத்துக்குக் கீழ கருவாடா?" என்றாள் ராசம்மா. பார்வையிலேயே கருவாடு சுருண்டுவிட்டது. பலாப்பழத்துக்குத் தம்பி மாதிரியான சம்பெடாக் பழச்சுளை வைத்தோம். அதன் வாசனைக்கு ரயிலே நின்று பார்த்திருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். பட்டறையில் ஒரு புது கிரேன் வந்தால், முதல் பாரம் தூக்குவதற்கு முன்னால் நாங்கள் பூசை போடாமல் விட்டதே கிடையாது. புது லாரியானாலும், புது மோட்டார் சைக்கிளானாலும், எலுமிச்சம்பழம் நசுக்காமல் இந்த ஊரில் எந்தச் சக்கரம் உருண்டிருக்கிறது? இரும்புச் சாமானுக்குப் பூசை இல்லாமல் வேலை கிடையாது. கூண்டைக் கழுவி, நான்கு பக்கமும் விபூதிப் பட்டை போட்டு, மஞ்சளும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, சாம்பிராணி காட்டினேன். அதோடு, கண்பட்டுவிடக் கூடாது என்று ஒரு டப்பா கற்பூரத்தை மஞ்சள் துணியில் முடிந்து கூண்டின் கூரையில் தொங்கவிட்டேன். ராசம்மா கூண்டைச் சுற்றி மாக்கோலம் போட்டாள். காளியப்பன் கும்பிட்டார்.

"மச்சான், இது கூண்டா, சப்பரமா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருடைய பத்து வார்த்தையில் நான்கு.

செவ்வாய்க்கிழமை காலை குலையின் மேல் சீப்பில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. கூண்டு காலி. ஆனால் கொய்யா மரத்தடி ஈரமண்ணில் சின்னச் சின்னக் காலடித் தடங்கள் கோலத்தின் ஓரம்வரை வந்து, அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிப் போயிருந்தன.

"வந்திருக்கு!" என்றேன். "பூசை கொஞ்சம் பத்தல. அதான் உள்ள வரத் தயங்குது."

அன்று விளக்கு வைக்கிற நேரம் இரண்டாவது டப்பா கற்பூரம். சாம்பிராணி இரண்டு மடங்கு. புதன் காலை, தடம் இன்னும் தள்ளியே நின்றுவிட்டது. அன்று மத்தியானம் ராசம்மாவின் கோழி ஒன்று கூண்டுக்குள் நடந்து போய், மிதிதட்டின் மேலேயே ஏறி நின்று, சுளையைக் கொத்திப் பார்த்துவிட்டு, சாவகாசமாக வெளியே வந்தது. கதவு அசையவில்லை.

"பாத்தியா தங்கச்சி? கண்ட கண்ட ஜென்மத்துக்கெல்லாம் இது விழாது. யாருக்கு விழணும்னு அதுக்குத் தெரியும்!"

ராசம்மா கோழியைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மரத்திலேயே நான்கு முடிச்சுக் கற்பூரம் தொங்கியது. கடைக்காரர், "வீட்ல ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டார். "வேட்டை" என்றேன். கோயில் தலைவர் மறுபடி போன் பண்ணினார். மூசாங்குக்கு மாலை போட வேண்டுமா, போட்டால் எத்தனை முழம் என்று தெரிந்துகொள்ள விரும்பினார். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு முழம்" என்று கம்பீரமாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தேவானந்தன் சார் பார்க்க வந்தார். மரத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்று மூன்று தடவை தும்மினார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன காணும் இது, என்ர உடுப்பு அலுமாரிக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு! இந்த மணத்துக்குக் கரப்பான் பூச்சியே கிட்ட வராது. கூரைக்குள்ள மூசாங் ஏறினால் சனம் கற்பூரம் வைச்சுத்தான் துரத்துறவை. நீர் துரத்துறீரோ, பிடிக்கிறீரோ?"

காற்று நின்றுவிட்டது. கற்பூரம் நிற்கவில்லை.

காளியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தையல் பிரியும் என்று பயந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது.

எனக்குச் சுதாரிக்க ஒரு நிமிடம் ஆனது, அதிகமாகப் போனால் இரண்டு. பிறகு புது யோசனை வந்துவிட்டது. எனக்கு எப்போதும் வந்துவிடும்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. கூண்டக் கழுவிடுறேன். முடிச்சு எல்லாத்தையும் அவுத்துப் போட்டுடுறேன். புது சம்பெடாக் வைக்கிறேன். இன்னிக்கே வரும், இன்னிக்கே மாட்டும். ஞாயித்துக்கெழம மாலையோட வாசல்ல நிக்கும்."

ராசம்மா குலையை அண்ணாந்து பார்த்தாள். மேல் இரண்டு சீப்பும் நன்றாக மஞ்சளாகியிருந்தன. ரஸ்தாளி வாசனை கற்பூரத்தையும் தாண்டி லேசாக வந்தது. இரண்டு வருடமாக அவள் அதை வாயில் வைக்கவில்லை.

"அண்ணே" என்றாள். சத்தம் தாழ்ந்திருந்தது. "முடிச்சையெல்லாம் அவுத்துட்டா, அது கூண்டுக்குத்தான் போகும், குலைக்குப் போகாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?"

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. எப்போதும் இருக்கும். வெறும் சீட்டும் நான்கைந்து இருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் டன்னுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! பன்னிரண்டு சீப்பு வாழைப்பழத்துக்கு எனக்குக் கை வரவில்லை. அமெரிக்கத் தொப்பிக்காரர்கள், ஐந்து மடங்கு, பற்றவைப்பு, கோயில் தலைவரின் சிரிப்பு எல்லாம் தலைக்குள் ஒரு சுற்று வந்தன. கயிற்றைச் சந்தேகப்படுவதுதான் என் தொழில். அன்றைக்குச் சந்தேகப்பட வேண்டிய கயிறு நானாகத்தான் இருந்தேன்.

"கடை மூடுறதுக்குள்ள இன்னும் ரெண்டு டப்பா கற்பூரம் வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

"ஓம். அதுதான் புத்தி" என்றார் தேவானந்தன் சார், கைக்குட்டைக்குள்ளிருந்து.

சனிக்கிழமை காலை மரத்தடியில் தடமே இல்லை. கொய்யா மரத்தில் ஒரு குருவிகூட இல்லை. தெருக்கோடியில் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள், ஏதோ கோயில் என்று.

ஞாயிறு விடிந்ததும் காளியப்பன் வெட்டினார். குலை அப்படியே, ஒரு பழம் குறையாமல் வந்தது. நான் எண்ணினேன், இருநூற்றுச் சொச்சம். கோயில் வாசலுக்குப் போவதற்குள் நான் சொல்லும்போது முந்நூற்றைம்பதாகியிருந்தது. ஆறு பேர் தூக்கி லாரியில் ஏற்றினோம். காளியப்பன் கற்பூர முடிச்சுகள் எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார், சாமிக்கு ஏற்ற.

வாசலில் கட்டும்போதுதான் தகராறு. குலை பாரம் ஒரு பக்கம் இழுத்தது. நைலான் கயிறு போட்டு இறுக்கினார்கள், வழுக்கியது. மறுபடி இறுக்கினார்கள். மரம் மெல்லச் சாய்ந்து, முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோயில் தலைவரைக் குனிந்து விசாரிக்கப் போவது மாதிரி நின்றது. ராசம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"யாரும் தொடாதீங்க! புடிச்சிக்கிட்டு மட்டும் நில்லுங்க!" என்று கத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வீட்டுக்குப் போய், கொடியில் கிடந்த பனியன்களை வாசுகியின் கையில் திணித்து, கயிற்றை உருவிக்கொண்டு, ரயில் கேட் மூடுவதற்குள் திரும்பி வந்துவிட்டேன். மூன்று நிமிடம். இரண்டரைகூட இருக்கலாம். மரத்துக்குச் சாக்கு சுற்றி, கயிற்றை இரண்டு சுற்றுப் போட்டு, தூணோடு கட்டி, கழற்றி வைத்திருந்த அதே பூட்டை மாட்டி இறுக்கினேன். மரம் நிமிர்ந்தது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, 'தாங்கும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கட்டினேன். மூசாங்கைப் பிடிக்கப் போய்ச் சட்டத்தில் மாட்டவிருந்த கயிறு, கடைசியில் சட்டப்படி ஒரு வேலையில் சேர்ந்துவிட்டது.

"சுகுமாறன், மரம் வந்துருச்சு. மூசாங் எங்க?" என்றார் கோயில் தலைவர். கையில் இரண்டு முழம் மாலை வேறு வைத்திருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ராசம்மா முந்திக்கொண்டாள். "அண்ணன் அதுக்கு ஒரு வாரமா பூசை போட்டாரு. பக்தி முத்திப் போயி ஊரை விட்டே போயிருச்சு. மாலைய மரத்துக்குப் போடுங்க."

பூசை முடிந்ததும் குலையிலிருந்து முதல் பழத்தைப் பூசாரி பிய்த்து அவளிடம் கொடுத்தார். அவள் தோலை மெதுவாக உரித்தாள். பாதியை ஒடித்துக் காளியப்பனிடம் நீட்டினாள். மிச்சத்தை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் மென்றாள். அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"எப்படி இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"கற்பூரம் அடிக்குது" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "ஆனா நல்லா இருக்கு."

திங்கட்கிழமை காலை அஸ்லிண்டா கூண்டைத் திரும்ப எடுக்க வந்தாள். விபூதிப் பட்டையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றாள், மரியாதைக்கா சிரிப்பை அடக்கவா என்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு சுளைகூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி காலி. கோலத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் காலடித் தடம். மிதிதட்டின் நட்ட நடுவில், உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளமாக, விதைகளோடு ஒரு சின்னக் குவியல்.

முந்தின நாள் கற்பூரம் எல்லாம் கோயிலுக்குப் போய்விட்டதல்லவா? விருந்தாளி அன்றைக்கே வந்திருக்கிறார்.

அஸ்லிண்டா மிதிதட்டை விரலால் அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. கையால் அழுத்தினாள். பிறகு எழுந்து, பூட்ஸ் காலை உள்ளே விட்டு, ஊன்றி மிதித்தாள். டமார் என்று கதவு விழுந்து அவள் கணுக்காலில் நின்றது.

"பாக்சிக், இத இவ்வளவு இறுக்குனது யாரு?"

நான் கொய்யா மரத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ராசம்மா கோலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து. தேவானந்தன் சார் கேட்டுக்கு வெளியே நின்று, "என்ன, என்ன நடந்தது?" என்று கேட்க, காளியப்பன் ஒரே மூச்சில் முழுக் கதையையும் சொன்னார். பத்து வார்த்தைக் கணக்கெல்லாம் அன்றோடு போய்விட்டது.

"அண்ணே" என்றாள் ராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூனு நாளைக்கு முன்னாடி நீங்க கூண்டக் கழுவியிருந்தீங்கன்னா, அது சம்பெடாக்கையும் தின்னுட்டு, குலையையும் தின்னுட்டு, மிதிதட்டுல படுத்துத் தூங்கிட்டுப் போயிருக்கும். பக்கக் கன்னு ஒன்னு எடுத்து நட்டுட்டேன். அடுத்த வருசமும் வாங்க. கூண்டு வேணாம், கயிறு வேணாம். கற்பூரம் மட்டும் கொண்டாங்க."

அஸ்லிண்டா ஒரு படிவத்தை நீட்டினாள். கூண்டு நல்ல நிலையில் திருப்பித் தரப்பட்டது என்பதற்குக் கையெழுத்து வேண்டும். பேனாவை எடுத்தேன். இதற்கு மட்டும் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. நல்ல நிலையில்தான் இருந்தது. பதினைந்து கிலோவில் ஒரு மூசாங் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.